நற்பெயர் என்னும் முதல்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாமையும் நாணயம். 'அவர் நாணயமானவர்' என்று ஊரார் ஒருவரைப் பற்றிக் கூறினால், அவருடைய பையில் காசு இருக்கிறது என்பது அதன் பொருளன்று. அவரை நம்பிக் காசைக் கொடுத்து வைக்கலாம் என்பதே பொருள். காசையும் நேர்மையையும் ஒரே சொல்லால் வழங்கிய மக்கள், அவ்விரண்டுக்கும் உள்ள உறவை அறிந்தே வழங்கினர் என்று கொள்வதில் தவறில்லை. ஏட்டில் எழுதாமல், வட்டி பேசாமல், அவசரத்துக்குக் கொடுக்கும் சிறு கடனைக் கைமாற்று என்கிறோம். அதற்கு நகையும் ஈடில்லை, நிலமும் ஈடில்லை. வாங்குபவரின் பெயர் ஒன்றே ஈடு.

பெயர் ஈடாக நிற்கும் என்றால், அதுவும் ஒருவகை முதல் என்றே கொள்ளல் வேண்டும். இக்கருத்துக்குப் பெயரிட்டு வழங்கியோருள் ஹானிஃபன் என்பவர் ஒருவர். அமெரிக்க நாட்டின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் நாட்டுப்புறப் பள்ளிகளைக் கண்காணித்து வந்த அவர், 1916இல் எழுதிய ஒரு கட்டுரையில் 'சமூக முதல்' என்னும் தொடரை ஆண்டார். அண்டை அயலாரிடையே நிலவும் நல்லெண்ணம், கூடிப் பழகும் வழக்கம், ஒருவர் துன்பத்தில் மற்றவர் கைகொடுத்தல் ஆகியவற்றையே அவர் அத்தொடரால் குறித்தார். மாலை வேளையில் பள்ளிக்கூடத்தில் கூடிப் பேசிப் பழகிய மக்கள், பின்னர்ப் பொதுக்காரியங்களுக்கும் ஒன்றுசேர்ந்து உழைத்தனர் என்று அவர் எடுத்துக்காட்டினார். ஒரு பள்ளிக் கண்காணிப்பாளர் எழுதிய அச்சொல், இன்று பொருளியல் அறிஞரும் அரசியல் அறிஞரும் நாள்தோறும் கையாளும் சொல்லாகிவிட்டது.

இன்று இம்முதல் எண்களாக மாறிக் கண்ணுக்குத் தெரிகின்றது. ஒருவருடைய படத்துக்கு எத்தனை விருப்பக்குறிகள் விழுந்தன, அவரைப் பின்தொடர்வோர் எத்தனை ஆயிரவர், அவருடைய கடைக்கு எத்தனை விண்மீன்கள் என்பன கைப்பேசியின் திரையிலேயே காணக் கிடைக்கின்றன. மனிதனுடைய பெயருக்கு இவ்வளவு தெளிவான அளவுகோல் இதற்கு முன் இருந்ததில்லை. ஆயினும் அளவுகோல் தெளிவாக இருப்பதனாலேயே, அளக்கப்படும் பொருளும் உண்மையானது என்று முடிவு செய்துவிடல் ஆகாது. பெயர் என்பது எவ்வாறு உண்டாகின்றது என்பதை முதலில் பார்த்தல் வேண்டும்.

பழைய கெய்ரோ நகரில் பென் எஸ்ரா என்னும் யூதத் தொழுகைக்கூடம் உள்ளது. இறைவன் பெயர் எழுதப்பட்ட தாளை அழித்தல் தகாது என்பது யூதரின் வழக்கம். ஆகவே பயனற்றுப்போன தாள்களை அக்கூடத்து அறை ஒன்றில் அவர்கள் இட்டுவைத்தனர். நூற்றாண்டுகள் பல கழிந்தன. 1896ஆம் ஆண்டின் இறுதியில் சாலமன் ஷெக்டர் என்னும் அறிஞர் அங்குச் சென்று, அத்தாள்களுள் பெரும்பகுதியை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தார். அவற்றுள் சமய நூல்களோடு வணிகர் எழுதிய கடிதங்களும் கலந்திருந்தன. எகிப்து, துனீசியா, சிசிலி ஆகிய இடங்களுக்கிடையே சரக்கு அனுப்பிய 11ஆம் நூற்றாண்டு வணிகரின் கடிதங்கள் அவை. நம் மேலைக்கடற்கரையிலிருந்து மிளகு வாங்கிச் சென்ற வணிகரின் கடிதங்களும் அவற்றுள் உண்டு.

அவ்வணிகர்க்கு ஒரு பெருந்தொல்லை இருந்தது. சரக்கு ஒரு துறையிலிருந்து கப்பலேறும். உரியவர் கரையிலேயே நின்றுவிடுவார். மறு துறையில் அதனை விற்றுத் தருபவர் வேறொருவர். அவர், 'விலை இறங்கிவிட்டது. பாதி நனைந்துவிட்டது' என்று எழுதினால் அதனை எவ்வாறு சோதிப்பது? நீதிமன்றங்கள் இருந்தன, வணிகர் அவற்றை நாடியதும் உண்டு. ஆனால் வழக்கைவிட விரைவாக வேலை செய்தது கடிதம். விலைவாசி, கப்பல் வரவு ஆகியவற்றோடு, இன்னார் எவ்வாறு நடந்துகொண்டார் என்னும் செய்தியும் ஒவ்வொரு கடிதத்திலும் சென்றது. ஒரு வணிகரை ஏமாற்றியவர் அவ்வொருவரை மட்டும் இழக்கவில்லை. கடிதம் சென்ற துறைகளில் எல்லாம் தமக்கு வேலை கொடுக்கக்கூடியவரை இழந்தார். இவ்வாறு புகழே காவலாக நின்றதென்று அவ்னர் கிரைஃப் என்னும் பொருளியல் அறிஞர் விரித்து எழுதியுள்ளார்.

இதில் நாம் நுணுகிக் காணவேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒருவரைப் பழித்தோ புகழ்ந்தோ கடிதம் எழுதியவரும் அவ்வணிகக் கூட்டத்தைச் சேர்ந்தவரே. தாமும் நாளை வேறொருவரிடம் சரக்கை ஒப்படைக்க வேண்டியவர். ஆராயாமல் ஒருவர்மேல் பழி சுமத்தினால், அடுத்த கடிதத்தில் கெடுவது அவர் பெயரே. தகாதவனைத் தக்கவன் என்று பரிந்துரைத்தால், அவன் செய்த மோசத்தில் தமக்கும் பங்கு வரும். சுருங்கச் சொன்னால், சான்று கூறியவர் அச்சான்றில் தம் பெயரையும் பணயமாக வைத்தார். அச்சொல்லுக்கு மதிப்பு வந்தது அதனாலேதான்.

நம் நாட்டுக் கதை ஒன்றும் இதற்கு ஒப்பானது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் செட்டிநாட்டு நகரத்தார் இலங்கை, பர்மா, மலேயா முதலிய நாடுகளில் கொடுக்கல் வாங்கல் நடத்தினர். முதலாளி ஊரில் இருப்பார். கடை ரங்கூனில் இருக்கும். கடையை நடத்தச் செல்பவர், பொதுவாக மூன்றாண்டுத் தவணைக்குச் சம்பளச்சீட்டு எழுதிக்கொடுத்துக் கப்பலேறுவார். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவன் கணக்கெழுதக் கற்று, அடுத்தாளாகி, காலப்போக்கில் மேலாளாக உயர்வான். கடல் கடந்த இடத்தில் பெருந்தொகையை அவன் கையில் நம்பி விட்டது எவ்வாறு? அவன் இன்ன கோயிலைச் சேர்ந்த இன்னார் மகன் என்பது அனைவர்க்கும் தெரியும். இளையாற்றங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி முதலிய ஒன்பது கோயில்களுள் ஒன்றைச் சேராத நகரத்தார் குடும்பம் இல்லை. ரங்கூனில் கணக்குப் பிசகினால், செட்டிநாட்டில் பெண் கொடுப்பவர் யோசிப்பர்.

ஆனால் இதனை மட்டும் சொல்லி நிறுத்துதல் பாதி உண்மையாகும். உள்ளே உயர்ந்து நின்ற பெயர் வெளியேயும் அவ்வாறே நின்றதா? 1930ஐ ஒட்டி உலகெங்கும் பொருளாதார மந்தம் ஏற்பட்டு நெல் விலை வீழ்ந்தது. கடன்பட்ட பர்மிய உழவரால் வட்டியும் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவில் நெல் மிகுதியாக விளைந்த 13 மாவட்டங்களில், 1930இல் ஏறக்குறைய 6 விழுக்காடு நிலமே செட்டிமாரிடம் இருந்தது. 1937இல் அது ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. நிலத்தை அடைந்தவரும் அதனை விரும்பி அடைந்தாரில்லை. அவர்க்கு வேண்டியது பணம். ஆயினும் நிலத்தை இழந்தவனுக்கு அவ்வேறுபாடு என்ன ஆறுதல் தரும்? செட்டிநாட்டில் 'நாணயமானவர்' என்று பெயர் பெற்ற ஒருவர், ஐராவதிக் கரையிலுள்ள சிற்றூரில் வேறு பெயர் பெற்றார். கூட்டத்துக்குள் சேர்த்து வைத்த முதல், கூட்டத்துக்கு வெளியே செல்லாக் காசாகலாம்.

வேறொரு குறையும் உண்டு. கூட்டத்தில் பிறவாதவனுக்கு அதன் கதவு திறப்பதில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கித் தமிழகக் கடற்கரையை அழித்தது. அதன்பின் ஊர்கள் மீண்ட வகையை டேனியல் ஆல்ட்ரிச் என்னும் அமெரிக்க அறிஞர் ஆராய்ந்து, 2012இல் வெளியிட்ட நூலில் எழுதினார். ஊர்ப் பஞ்சாயத்து வலுவாக இருந்த மீனவர் ஊர்கள் உதவிகளை விரைவில் பெற்றன என்பது அவர் கண்ட நல்ல செய்தி. அப்பஞ்சாயத்தின் பட்டியலில் இடம்பெறாத தாழ்த்தப்பட்ட மக்களும் பெண்களும் பிறரும் அவ்வுதவியில் பின்தள்ளப்பட்டனர் என்பது அதனோடு சேர்ந்து வந்த கசப்பான செய்தி. ஒரே கயிறு உள்ளிருப்பவரைத் தாங்கிற்று. வெளியிலிருப்பவரைத் தடுக்கவும் செய்தது. பழைய ஊரின் பெருமையைப் பாடுவோர் இப்பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர்.

இக்கதவைத்தான் இணையம் உடைத்தது. 1995ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பியர் ஒமிடியார் என்னும் இளைஞர் கலிபோர்னியாவில் ஓர் ஏலத்தளத்தைத் தொடங்கினார். பின்னாளில் ஈபே என்று உலகறிந்த நிறுவனம் அது. அதில் முதலில் விலைபோனது உடைந்த லேசர் விளக்கு ஒன்று, விலை 14.83 டாலர். உடைந்த பொருளுக்கும் வாங்குவோர் கிடைத்தார் என்பதில் வியப்பில்லை. அதனைப் பார்க்காமலே, விற்பவரின் முகமும் அறியாமலே பணம் அனுப்பினார் என்பதே வியப்பு. முன்பின் அறியாதார் இருவர் எவ்வாறு ஒருவரை ஒருவர் நம்புவது? 1996இல் ஒமிடியார் ஒரு வழி கண்டார். ஒவ்வொரு விற்பனைக்குப் பிறகும் வாங்கியவர் விற்றவரைப் பற்றியும், விற்றவர் வாங்கியவரைப் பற்றியும் நல்லது, கெட்டது, நடுத்தரம் என்று ஒரு குறியும் ஒரு வரியும் எழுதலாம். அவை அழியாமல் அவர் பெயரின் அருகிலேயே நிற்கும். கெய்ரோ வணிகரின் கடிதம் போன்றதே இது. ஆனால் யார் மகன், எந்தக் கோயில் என்று இங்கு எவரும் கேட்பதில்லை.

அப்பெயருக்கு விலை உண்டா என்று சிலர் சோதித்தும் பார்த்தனர். பால் ரெஸ்னிக் முதலிய ஆய்வாளர், பழைய படஅஞ்சலட்டைகளை நெடுநாள் விற்று நற்பெயர் பெற்ற ஒருவரின் துணையை நாடினர். ஒரே வகையான அட்டைகள் அவருடைய பழைய பெயரிலும், புதிதாகப் புனைந்துகொண்ட பெயர்களிலும் ஏலத்துக்கு விடப்பட்டன. பொருள் ஒன்று, விற்பவரும் ஒருவரே, பெயர் மட்டும் வேறு. பழைய பெயரில் விற்ற அட்டைகளுக்கு 8.1 விழுக்காடு மிகுதியாக விலை கிடைத்தது. 2006இல் அவ்வாய்வு வெளியாயிற்று. நற்பெயர் முதல் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மைக்கேல் லூகா என்பவர் சியாட்டில் நகரத்து உணவகங்களை ஆராய்ந்து 2011இல் எழுதியதும் இங்கு நினைக்கத் தக்கது. யெல்ப் என்னும் தளத்தில் ஓர் உணவகத்துக்கு ஒரு விண்மீன் கூடினால், அதன் வருவாய் 5 முதல் 9 விழுக்காடு வரை உயர்ந்தது. கிளைகள் பல பரப்பிய பெரிய நிறுவனங்களுக்கு அதனால் பயன் இல்லை. தனியார் ஒருவர் நடத்தும் உணவகங்களுக்கே அப்பயன் கிட்டியது. பெரிய நிறுவனத்துக்கு விளம்பரம் உண்டு; சந்தில் அடுப்பு மூட்டியிருக்கும் எளியவர்க்கு அங்கு உண்டவர் சொல்லும் சொல்லே விளம்பரம். அச்சொல் ஊர் எல்லையைக் கடந்து செல்ல இணையம் வழிவகுத்தது. பிறப்பும் செல்வமும் துணையில்லாத ஒருவர் தம் கைத்திறத்தால் பெயர் ஈட்டலாம் என்னும் நிலை சிறிதேனும் வந்திருக்கிறது என்றால், அந்நன்மையை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

இனி, அதன் மறுபக்கத்தைக் காண்போம். ஈபே தளத்தில் நாளடைவில் ஒரு விந்தை நிகழ்ந்தது. எல்லாரும் எல்லாரையும் புகழ்ந்தனர்! குறை கூறியவர் மிகச் சிலரே. விற்பவர் அனைவரும் உத்தமராகிவிட்டனரா? இல்லை. வாங்கியவர் குறை எழுதினால், விற்றவர் சினந்து அவர்மீதும் ஒரு குறையை எழுதிப் பழிதீர்த்தார். அதற்கு அஞ்சிப் பலர் வாய்மூடி இருந்தனர். சிலர் மனமின்றிப் புகழவும் செய்தனர். எனவே 2008இல் அந்நிறுவனம், விற்பவர் வாங்குபவரைக் குறை கூறல் இயலாது என்று விதியை மாற்றிற்று. அச்சத்தால் பிறந்த புகழுக்கும் அன்பால் பிறந்த புகழுக்கும் கணக்கில் ஒரே மதிப்பெண்தான். எண்ணுக்கு அவ்வேறுபாடு தெரியாது.

அச்சத்தால் பிறப்பதைவிடக் காசால் பிறக்கும் புகழ் மலிவானது. பாஸ்டன் நகரத்து உணவகங்களைப் பற்றி யெல்ப் தளத்துக்கு வந்த மதிப்புரைகளுள் ஏறக்குறைய 16 விழுக்காட்டை அத்தளமே ஐயத்துக்குரியவை என்று ஒதுக்கி வைத்திருந்ததை லூகாவும் அவருடைய தோழரும் எடுத்துக்காட்டினர். உண்ணாத உணவைச் சுவையானது என்றும், தங்காத விடுதியை வசதியானது என்றும் எழுதிக்கொடுப்பது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. பின்தொடர்வோரையும் ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்க முடிகின்றது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் இணைய மதிப்புரைகளுக்கென்றே ஒரு தரநெறியை வகுத்தது. அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் 2024இல் பொய் மதிப்புரைகளை விற்பதையும் வாங்குவதையும் விதியால் தடுத்தது. உப்பில் மண்ணையும் மிளகில் பப்பாளி விதையையும் கலப்பதைத் தடுக்கச் சட்டம் செய்தோம். புகழில் கலப்படத்தைத் தடுக்கவும் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று.

இக்கலப்படம் இவ்வளவு எளிதானது ஏன்? மக்கள் முன்னைவிடப் பொல்லாதவராகிவிட்டனர் என்று நான் கருதவில்லை. கெய்ரோ வணிகர் பொய்க் கடிதம் எழுதினால் தம் பெயரை இழப்பார். பெயர் மறைத்து எழுதும் இணையச் சான்றாளர் எதனை இழப்பார்? ஒரு புனைபெயர் கெட்டால் மற்றொன்றை வைத்துக்கொள்வார். சான்று கூறுவோர் தொகை பெருகிற்று; சான்றில் அவர் வைக்கும் பணயம் சுருங்கிற்று. பணயம் வையாதவர் ஆயிரவர் கூறினும், தெரிந்த ஒருவர் தம் பெயரை வைத்துக் கூறும் சொல்லுக்கு அஃது ஈடாகாது என்பதே என் கருத்து. வேலை வேண்டி வருபவன் ஒருவனைப் பற்றி அவனுடைய ஆசிரியர் எழுதும் நான்கு வரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றைப் படிப்பவர் மாணவனை மட்டும் எடைபோடுவதில்லை. அவன் நன்றாக நடவாவிட்டால் அடுத்த ஆண்டு அவ்வாசிரியர் எழுதும் வரிகளையும் அவர் நம்பமாட்டார். ஆசிரியர் அதனை அறிவார். அதனால்தான் எழுதுமுன் சற்றே தயங்குகிறார். அத்தயக்கத்திலேயே அவ்வரிகளின் மதிப்பெல்லாம் இருக்கிறது.

பொய்யாக எழுதாமல், நேர்மையாகவே குறியிடுபவரும் தம் கருத்தைத்தான் கூறுகின்றனரா என்பது மற்றொரு கேள்வி. முச்னிக், ஆரல், டெய்லர் என்னும் மூவர் செய்த சோதனை 2013இல் வெளியாயிற்று. செய்திகளைப் பற்றி மக்கள் கருத்தெழுதும் தளம் ஒன்றில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கருத்துகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். சிலவற்றுக்கு மட்டும், எவ்விதத் தகுதியும் பாராமல், பிறந்தவுடனேயே ஒரு பொய்யான பாராட்டுக் குறியை இட்டனர். அடுத்து வந்து பார்த்தவர் அக்கருத்தைப் பாராட்டும் வாய்ப்பு 32 விழுக்காடு கூடிற்று. முடிவில் அக்கருத்துகளின் மதிப்பு சராசரியாக 25 விழுக்காடு உயர்ந்து நின்றது. ஒரே ஒரு குறிக்கு இத்தனை வலிமை! கூட்டம் நிற்கும் கடையிலேயே மேலும் கூட்டம் சேர்வதை நாம் கடைத்தெருவில் கண்டதில்லையா? சில கருத்துகளுக்குப் பொய்யான பழிக்குறியும் இட்டுப் பார்த்தனர். அங்கு நிகழ்ந்தது வேறு. பின்வந்தோர் அப்பழி தகாதென்று கண்டு, பாராட்டுக் குறியிட்டு அதனை நேர்செய்துவிட்டனர். பொய்ப் புகழ் நிலைத்தது. பொய்ப் பழி துடைக்கப்பட்டது.

பொய்ப் பழியை உலகம் எப்போதும் இவ்வாறு துடைத்துவிடும் என்று நம்பியிருக்க முடியுமானால் நன்றாக இருக்கும். அச்சோதனை நிகழ்ந்த தளம் எல்லாரும் எல்லாவற்றையும் காணும் திறந்த வெளி. வாட்ஸ்அப் குழு அத்தகையதன்று, மூடிய அறை. அங்கு மறுப்பவர் குரல் அடுத்த அறைக்குக் கேட்பதில்லை. 2018இல் பிள்ளை பிடிப்போர் வருகின்றனர் என்னும் பொய்ச் செய்தி நம் நாட்டின் பல மாநிலங்களிலும் கைப்பேசி வழியாகப் பரவிற்று. அதனை நம்பிய கூட்டத்தார், ஊருக்குப் புதியவராக வந்த குற்றமற்ற மக்களை அடித்துக் கொன்றனர். அவ்வாண்டு மே திங்களில் தமிழகத்திலும் அக்கொடுமை நிகழ்ந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தைகளுக்கு அன்போடு மிட்டாய் கொடுத்த முதிய பெண்மணி ஒருவர் உயிரிழந்தார்.

அச்செய்தியை அனுப்பியோர் பெரும்பாலார் கொலைகாரர் அல்லர். பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்று எண்ணியவரே. 'எதற்கும் தெரிந்திருக்கட்டும்' என்று ஒரு விரலால் தொட்டு அனுப்பினர். யார் முதலில் சொன்னார், அவர் நேரில் கண்டாரா என்று கேட்கவில்லை. ஊர்க் கிணற்றடியில் ஒருத்தி இதனைக் கூறியிருந்தால், 'நீ பார்த்தாயா?' என்று மற்றொருத்தி கேட்டிருப்பாள். சொன்னவள் விழித்திருப்பாள், கதை அங்கேயே நின்றிருக்கும். கைப்பேசியில் வந்த செய்திக்கோ முகமில்லை. அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இரண்டு மாற்றங்களைச் செய்தது. பிறரிடமிருந்து வந்து மறுபடி அனுப்பப்படும் செய்தியின்மேல் அதற்குரிய குறி தோன்றுமாறு செய்தது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அவ்வாறு அனுப்ப இயலாது என்றும் வரம்பிட்டது. நிறுவனம் செய்யக்கூடியது அவ்வளவே. 'நீ பார்த்தாயா?' என்று கேட்பது இயந்திரத்தின் வேலையாகாது.

உங்கள் வயதினர்க்கு நேரே பொருந்தும் நிகழ்ச்சி ஒன்றையும் கூறுகிறேன். 2017இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம், தான் தேர்ந்தெடுத்த மாணவருள் குறைந்தது பத்துப் பேருக்குக் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவர்கள் முகநூலில் தமக்குள்ளே ஒரு மறைவான குழு அமைத்து, அதில் ஆபாசமான கேலிப்படங்களையும் பிற இனத்தாரை இழிவு செய்யும் கேலிப்படங்களையும் பகிர்ந்துகொண்டிருந்தனர். 'நமக்குள்தானே' என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். உலகத்தின் தலைசிறந்த பல்கலைக்கழகங்களுள் ஒன்றில் இடம்பெறப் பன்னிரண்டு ஆண்டு படித்த படிப்பு, சில படங்களோடு போயிற்று. அவர்கள் இழந்தது தக்கதே என்று கூறுவோரும் உளர். பதினேழு பதினெட்டு வயதில் செய்த பிழைக்கு அது பெரிய விலை என்று கூறுவோரும் உளர். இரண்டாவது கருத்தில் எனக்குச் சிறிது இரக்கம் உண்டு என்றாலும், இழிவு செய்யப்பட்டவர் பக்கம் நின்று பார்க்கையில் அதனை வலியுறுத்த நா எழவில்லை.

இப்பிழைகள் எத்தனை காலம் ஒருவனைத் தொடர வேண்டும்? பழைய ஊர் கடுமையானதுதான். எனினும் அதற்கு மறதி என்னும் ஓர் அருங்குணம் இருந்தது. தலைமுறை மாறியது, கண்டவர் மறைந்தனர், தவறு செய்தவன் திருந்தி வேறு பெயர் எடுத்தான். அதுவும் முடியாவிட்டால் வேற்றூர் சென்று பிழைத்தான். இணையத்துக்கு வேற்றூர் இல்லை.

1998இல் ஸ்பெயின் நாட்டு நாளேடு ஒன்றில் ஏல அறிவிப்பு வந்தது. சமூகக் காப்பீட்டுக் கடனுக்காக ஒருவருடைய சொத்து ஏலத்துக்கு வருகிறது என்பது அதன் செய்தி. சில வரிகளே கொண்ட அறிவிப்பு. அக்கடன் பிறகு தீர்ந்துவிட்டது. காலம் கழிந்தது, நாளேடு தன் பழைய இதழ்களை எல்லாம் இணையத்தில் ஏற்றியது. அதன்பின் அம்மனிதர் பெயரைக் கூகுள் தேடுபொறியில் இட்டவர்க்கெல்லாம் அவ்வேலம் முன்னே வந்து நின்றது. தீர்ந்த கடன் தீராத பெயராயிற்று. அவர் 2010இல் தம் நாட்டின் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் முறையிட்டார். வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை சென்றது. 2014ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நாளேட்டில் உள்ளது உள்ளவாறே இருக்கலாம். ஆனால் காலம் கடந்து பொருத்தமிழந்த செய்தியை, ஒருவர் பெயரைத் தேடும்போது வரும் பட்டியலிலிருந்து நீக்குமாறு கேட்க அவருக்கு உரிமை உண்டு என்பது அதன் சாரம். 2019இல் அதே நீதிமன்றம், அவ்வுரிமை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள தேடல் பட்டியல்களைக் கட்டுப்படுத்தாது என்று வரையறுத்தது. ஆகவே அங்கே மறைக்கப்பட்டது இங்கே காணக் கிடைக்கலாம். நம் நாட்டில் 2023இல் இயற்றப்பட்ட தனித்தகவல் பாதுகாப்புச் சட்டம், தாம் இசைந்து கொடுத்த தகவலைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமைக்கு வகை செய்கின்றது. பிறர் நம்மைப் பற்றி எழுதியதை அது எந்த அளவுக்குத் தொடும் என்பது இனி வரும் வழக்குகளால் தெளிவாக வேண்டும்.

அந்த ஸ்பானியர் வழக்கில் வென்றார். ஆனால் அவ்வழக்கினாலேயே அவர் பெயரும் அவருடைய பழைய ஏலமும் உலகெங்கும் சட்டம் பயில்வோர் கற்கும் பாடமாகிவிட்டன. அவர் மறக்கப்பட வேண்டும் என்று கேட்டார் என்பதனை எவரும் மறப்பதில்லை. இப்பாடத்தில் அவர் பெயர் எழுதப்படவில்லை.